நீலம் தீர்கிறது, மற்றது அப்படியே இருக்கிறது

ஆஸ்துமா இருக்கிற வீடுகளில் பெரும்பாலும் இரண்டு இன்ஹேலர்கள் இருக்கும். ஒன்று நீல நிறம். சட்டைப் பையிலும் கைப்பையிலும் தலையணைக்குப் பக்கத்திலுமாகச் சுற்றி, மேலே ஒட்டிய எழுத்தெல்லாம் தேய்ந்து போயிருக்கும். இன்னொன்று அலமாரியில், அட்டைப் பெட்டிக்குள்ளேயே, வாங்கிய மெருகு குலையாமல் உட்கார்ந்திருக்கும். நீலம் மாதம் ஒன்று தீரும். மற்றது தீபாவளிக்கு வாங்கியது சித்திரைக்கும் வரும். மருத்துவர் எழுதிய சீட்டை எடுத்துப் பார்த்தால் கணக்கு நேர்மாறாக இருக்கும். நீலம் எப்போதாவது, தேவைப்பட்டால் மட்டும். மற்றது காலையும் இரவும், தவறாமல்.

இது ஏன் தலைகீழாகிறது என்பதைத்தான் இன்று நாம் நிதானமாகப் பார்க்கப் போகிறோம். டீயை ஊற்றிக்கொள்ளுங்கள். "ஜனங்களுக்கு அக்கறையில்லை, மறந்து போகிறார்கள்" என்று ஒரே வரியில் முடித்துவிடலாம்தான். பல மருத்துவமனைகளில் அப்படித்தான் முடிக்கிறார்கள். ஆனால் பிரஷர் மாத்திரையை மணி பிசகாமல் போடுகிறவர்கள், பால் கணக்கைப் பைசா சுத்தமாக எழுதி வைக்கிறவர்கள்கூட இந்த ஒன்றில் மட்டும் வழுக்குகிறார்கள். அக்கறையில்லாதவர்கள் மட்டும் வழுக்கினால் அது அவர்கள் குறை. எல்லாரும் வழுக்கினால் தரையைத்தான் பார்க்க வேண்டும்.

முதலில் நெஞ்சுக்குள் என்ன நடக்கிறது என்று பார்த்துவிடுவோம். நாம் இழுக்கும் காற்று ஒரே குழாயாக இறங்கி, இரண்டாகி, நான்காகி, மேலும் மேலும் கிளைவிட்டு, கடைசியில் ஒரு மில்லிமீட்டர் அகலம்கூட இல்லாத குழாய்களுக்குள் போகிறது. இந்தக் குழாய்களைச் சுற்றி மெல்லிய தசை இருக்கிறது. ஆஸ்துமாவில் மூன்று காரியங்கள் நடக்கும். அந்தத் தசை இறுகும். குழாயின் உட்சுவர் சிவந்து தடிக்கும். அங்கே பிசுபிசுப்பான சளி ஊறும். மூன்றும் சேர்ந்தால் குழாய் குறுகி, காற்று வெளியே வர முடியாமல் சீட்டியடிக்கும். வீசிங் என்றும் இளைப்பு என்றும் நாம் சொல்வது அந்தச் சத்தத்தைத்தான்.

இந்த மூன்றுக்கும் காலக்கணக்கு வேறு வேறு. தசை நிமிடத்தில் இறுகும், நிமிடத்தில் தளரும். உட்சுவர் தடித்திருப்பது அப்படியில்லை. அது வாரக்கணக்கில், சிலருக்கு வருடக்கணக்கில் ஓசையில்லாமல் இருக்கும். அழற்சி என்று மருத்துவர்கள் சொல்வது இதைத்தான். அழற்சியுள்ள குழாய்க்குப் பொறுமை குறைவு. மற்றவர்கள் ஒரு தும்மலோடு விட்டுவிடுகிற ஒட்டடைத் தூசிக்கும், ஊதுவத்திப் புகைக்கும், சாதாரணச் சளிக்காய்ச்சலுக்கும் அது சட்டென்று தசையை இறுக்கிக்கொள்ளும்.

இரண்டு இன்ஹேலர் எதற்கென்று இப்போது விளங்கிவிடும். நீலத்துக்குள் இருப்பது பெரும்பாலும் சால்புடமால். அது தசையைத் தளர்த்தும். ஐந்து நிமிடத்தில் வேலை காட்டும், நான்கு முதல் ஆறு மணி நேரம் தாங்கும். அழற்சியை அது தொடாது. மற்றதற்குள் இருப்பது மூச்சு வழியாக இழுக்கிற ஸ்டீராய்டு. புடசோனைடு, பெக்ளோமெத்தசோன், ஃபுளூட்டிகசோன் என்று பல பெயரில் வரும். அது அழற்சியை அடக்கும். ஆனால் அவசரப்படாது. நோயாளிக்கு வித்தியாசம் தெரியச் சில நாட்களோ வாரங்களோ ஆகும், குழாயின் தொட்டதற்கெல்லாம் இறுகும் குணம் நன்றாகத் தணிய மாதங்கள் ஆகும். நீலத்தைத் தணிப்பு மருந்து என்றும் மற்றதைத் தடுப்பு மருந்து என்றும் வைத்துக்கொள்வோம்.

இந்தக் கருவிக்கு அப்படியொன்றும் வயதாகிவிடவில்லை. அமெரிக்காவில் ரைக்கர் என்ற மருந்துக் கம்பெனியின் தலைவருக்கு ஆஸ்துமா உள்ள பதிமூன்று வயது மகள் இருந்தாள். கண்ணாடிக் குடுவையையும் ரப்பர்ப் பந்தையும் வைத்து மருந்தை ஊதி இழுக்க வேண்டிய காலம் அது. தலைக்கு அடிக்கிற ஸ்பிரே மாதிரி இதையும் ஒரு டப்பாவில் அடைத்தால் என்ன என்று அவள் அப்பாவிடம் கேட்டாள். 1956இல் அழுத்தினால் அளவாகச் சீறுகிற இன்ஹேலர் கடைக்கு வந்துவிட்டது. பிரிட்டனில் சால்புடமால் 1969இல் வந்தது, இழுக்கிற ஸ்டீராய்டு 1972இல் வந்தது. ஆக, மூச்சுத் திணறலைத் தணிக்கவும் அது வராமல் தடுக்கவும் வேண்டிய இரண்டு சாமான்களும் அரை நூற்றாண்டாக நம் கையில் இருக்கின்றன.

அப்படியானால் மக்கள் அவற்றை உண்மையில் எவ்வளவு எடுக்கிறார்கள்? இதைக் கண்டுபிடிப்பது நினைப்பதுபோல் சுலபமில்லை. கேட்டால் தெரிந்துவிடும் என்று தோன்றும். "மருந்து ஒழுங்கா எடுக்கிறீங்களா?" என்று மருத்துவர் கேட்பார். "எடுக்கிறேன் சார்" என்று பதில் வரும். வேறு எந்தப் பதிலுக்கும் அந்தக் கேள்வி இடம் வைக்கவில்லை. வெளியே நாற்பது பேர் காத்திருக்கிறார்கள், உள்ளே ஒரு நிமிடம்தான். இதில் யார் உட்கார்ந்து, மூன்றாம் வாரம் விட்டுவிட்டதையும் அதற்கான காரணத்தையும் விளக்குவார்கள்?

அதனால் ஆய்வாளர்கள் இன்ஹேலருக்குள்ளேயே ஒரு சிறு எண்ணும் கருவியைப் பொருத்தினார்கள். எப்போது அழுத்தினாலும் தேதியோடு நேரத்தோடு அது பதிந்துகொள்ளும். அமெரிக்காவின் டென்வரில் 8 முதல் 12 வயதுவரையுள்ள 24 குழந்தைகளிடம் இப்படிச் செய்து 1996இல் முடிவை வெளியிட்டார்கள். வீட்டில் எழுதிவைத்த டைரிப்படி, தடுப்பு மருந்தில் 95 விழுக்காடு எடுக்கப்பட்டிருந்தது. கருவியின் கணக்கில் 58. அந்தக் குழந்தைகளில் சிலருக்கு ஆஸ்துமா முற்றி, மாத்திரை ஸ்டீராய்டு கொடுக்க வேண்டி வந்தது. அவர்களைத் தனியே எடுத்துப் பார்த்தால், எடுத்த அளவின் வரிசையில் நடுவில் நிற்கும் குழந்தை எடுத்திருந்தது 14 விழுக்காட்டுக்கும் குறைவு. முற்றாமல் தப்பியவர்களிடம் அதே கணக்கு 68. டைரியை மட்டும் நம்பியிருந்தால், "இவ்வளவு மருந்து எடுத்தும் கேட்கவில்லையே" என்று மருத்துவர் மருந்தின் அளவைக் கூட்டியிருப்பார்.

இன்னொன்றைச் சொன்னால் உங்களுக்குச் சிரிப்பு வரும். அமெரிக்காவிலேயே புகைபிடிப்பவர்களின் நுரையீரலை வைத்து நடந்த ஒரு பெரிய ஆய்வு. ஆஸ்துமா ஆய்வு இல்லை, ஆனால் இன்ஹேலர் ஆய்வு. கருவி நேரத்தையும் பதிகிறது என்று அவர்களுக்குச் சொல்லவில்லை. எழுபது பேரில் பத்துப் பேர், மூன்று மணி நேரத்துக்குள் நூறு முறைக்கு மேல் இன்ஹேலரை அழுத்தியிருந்தார்கள். அதுவும் பெரும்பாலும் மருத்துவரைப் பார்க்கப் போவதற்குச் சற்று முன்னால். டப்பாவைக் காலியாக்கிக் கொண்டுபோய்க் காட்டத்தான்! பரீட்சைக்கு முந்தின ராத்திரி வீட்டுப்பாட நோட்டை நிரப்பிய நமக்கு இது புரியாத காரியமா? இதைப் பொய் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. திட்டு வாங்காமல் இருக்கத்தான் மனிதர் இவ்வளவு சிரமப்படுகிறார்.

உலகச் சுகாதார நிறுவனம் 2003இல் இதற்கென்றே ஓர் அறிக்கை வெளியிட்டது. வசதியான நாடுகளிலேயே, நீண்டகால நோய்களுக்கு எழுதித் தரும் மருந்தைச் சொன்னபடி எடுப்பவர்கள் சராசரியாகப் பாதிப்பேர்தான் என்றது அது. ஆஸ்துமாவும் இந்தக் கணக்குக்குள் வருகிறது.

இனி வழுக்குகிற இடத்துக்கு வருவோம். இங்கே கொஞ்சம் கூடுதலாக நிற்கலாம்.

நியூயார்க்கில் ஆஸ்துமா முற்றி மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட 198 பெரியவர்களிடம் ஒரு கேள்வி கேட்டார்கள். 2006இல் வெளியான ஆய்வு இது. உங்களுக்கு ஆஸ்துமா எப்போதும் இருக்கிறதா, இல்லை இளைப்பு வரும்போது மட்டும்தானா? இளைப்பு வரும்போது மட்டும்தான் என்றார்கள் 53 விழுக்காட்டினர். இவர்கள் ஆஸ்துமாவைக் கேள்விப்படாதவர்கள் இல்லை, அதனாலேயே மருத்துவமனைக் கட்டிலில் படுத்திருந்தவர்கள். அப்படி நம்பியவர்கள் மற்றவர்களைவிடக் குறைவாகவே தடுப்பு மருந்தை எடுத்திருந்தார்கள்.

நம் பேச்சைக் கவனித்தால் நாமும் அந்த 53 விழுக்காட்டில்தான் இருப்பது தெரியும். "பையனுக்கு இப்ப வீசிங் இல்லை, அதனால நிறுத்திட்டோம்." "மார்கழியில வரும், பங்குனியில போயிடும்." "போன வருஷத்தோட விட்டுடுச்சு." வருவதும் போவதுமாக ஒரு விருந்தாளியைப் போலத்தான் நாம் ஆஸ்துமாவைப் பற்றிப் பேசுகிறோம். உண்மையில் வருவதும் போவதும் தசையின் இறுக்கம். அழற்சி எங்கேயும் போவதில்லை. இளைப்பே இல்லாத நாளில் நோயாளியின் மூச்சுக்குழாய் உட்சுவரிலிருந்து ஒரு துணுக்கு எடுத்து நுண்ணோக்கியில் பார்த்திருக்கிறார்கள். அன்றும் அங்கே அழற்சி இருந்தது.

ஏரிக்கரை இருக்கிற ஊர்க்காரர்களுக்கு இதைச் சொல்லி விளக்க வேண்டியதில்லை. கோடையில் கரையைப் பார்த்தால் எந்தக் குறையும் தெரியாது. ஆனால் உள்ளுக்குள் நண்டு வளை பறித்திருக்கும். ஐப்பசியில் ஏரி நிரம்பிய ராத்திரியில்தான் அந்த வளை வழியாகத் தண்ணீர் பீறிடும். அப்போது மணல் மூட்டையோடு ஓடுகிறோம். ஓடத்தான் வேண்டும், மூட்டை இல்லாவிட்டால் ஊர் போய்விடும். நீல இன்ஹேலர் அந்த மணல் மூட்டை. வளையை மண் போட்டு இறுக்கி அடைக்கிற வேலை கோடையில் நடக்க வேண்டியது, தடுப்பு மருந்து செய்வது அதைத்தான். நண்டோ ஒருமுறை அடைத்தால் ஊரைவிட்டுப் போய்விடாது. அது மறுபடி பறிக்கும், நாம் மறுபடி அடைக்க வேண்டும்.

ஒருவர் தடுப்பு மருந்தை நிறுத்தும்போது அவருக்கு என்ன தெரியவருகிறது என்று இப்போது அவர் இடத்தில் இருந்து பார்ப்போம். திங்கட்கிழமை நிறுத்துகிறார். செவ்வாய் ஒன்றும் ஆகவில்லை. புதன், வியாழன், ஒரு வாரம். ஒன்றும் இல்லை. பத்து நாள் ஆகிறது, படியேறினாலும் மூச்சு வாங்கவில்லை. "பார்த்தியா, சும்மாதான் எடுத்துட்டு இருந்தோம்" என்று மனம் சொல்கிறது. அது சோம்பலின் குரல் இல்லை. கையில் இருக்கும் சாட்சியத்தை வைத்துப் பார்த்தால் மிக நியாயமான முடிவு அது. மருந்து எடுத்த நாளும் எடுக்காத நாளும் அவருக்கு ஒரே மாதிரிதான் இருந்தன. ஐந்தாவது வாரம் போகிக்கு வீட்டை ஒட்டடை அடிக்கிறார்கள், தெருவில் பழம்பாய் எரிகிறது. ராத்திரி இரண்டு மணிக்கு ஆட்டோ பிடித்து ஓடுகிறார்கள். நெபுலைசர் வைக்கிறார்கள், ஊசி போடுகிறார்கள், விடியும்போது மூச்சு வந்துவிடுகிறது. அவர் மனதில் இரண்டு பாடம் பதிகிறது: தூசிதான் எனக்கு எதிரி, நெபுலைசர்தான் என்னைக் காப்பாற்றியது. ஐந்து வாரத்துக்கு முன் நிறுத்திய டப்பா அந்தக் கதையில் எங்கேயும் வருவதில்லை.

நீலமோ அழுத்திய ஐந்தாவது நிமிடத்தில் பலன் சொல்லிவிடுகிறது. எடுத்தால் சுகம், எடுக்காவிட்டால் திணறல். இதைவிட நல்ல வாத்தியார் கிடையாது. தடுப்பு மருந்துக்கு அந்தச் சாமர்த்தியம் இல்லை. அது நன்றாக வேலை செய்கிறபோது நடப்பது ஒன்றுமே இல்லை, அந்த ஒன்றுமில்லாததற்காகத்தான் காசு கொடுக்கிறோம். உடம்பு தன் அனுபவத்தால் சரியாகக் கற்றுக்கொள்ளும் என்று இந்த ஒரு விஷயத்தில் நம்ப முடியாது. அது தப்பான பாடத்தைத்தான் கற்பிக்கும், அதுவும் அழுத்தமாக.

நிறுத்தினால் என்ன ஆகும் என்பதைத் தனி மனிதர் பார்க்க முடியாதுதான். ஓர் ஊரையே பல வருடம் பார்த்தால் தெரியும். கனடாவின் சஸ்காட்சவான் மாகாணத்தில் ஆஸ்துமா மருந்து வாங்கிய சுமார் 30,000 பேரின் மருந்துக் கணக்கைப் பின்தொடர்ந்தார்கள். 2000ஆம் ஆண்டில் வெளியான முடிவு இது. ஒருவர் ஓராண்டில் கூடுதலாக வாங்கிய ஒவ்வொரு ஸ்டீராய்டு இன்ஹேலருக்கும், ஆஸ்துமாவால் இறக்கும் அபாயம் 21 விழுக்காடு குறைந்துகொண்டே வந்தது. அதுவும் குறைந்த அளவு மருந்திலேயே. நிறுத்தியவர்களுக்கு அடுத்த மூன்று மாதத்தில், தொடர்ந்தவர்களைவிட இறப்பு விகிதம் அதிகமாக இருந்தது.

பிரிட்டனில் 2014இல் இதை மறுமுனையிலிருந்து பார்த்தார்கள். ஆஸ்துமாவால் இறந்த 195 பேரின் மருத்துவக் குறிப்புகளை எடுத்து ஒவ்வொன்றாகப் படித்தார்கள். தணிப்பு மருந்து எடுத்துக்கொண்டிருந்தவர்களில் 39 விழுக்காட்டினருக்குக் கடைசி ஓராண்டில் பன்னிரண்டுக்கும் மேற்பட்ட தணிப்பு இன்ஹேலர்கள் எழுதப்பட்டிருந்தன. சிலருக்கு ஐம்பதுக்கும் மேல். தடுப்பு இன்ஹேலரோ, எழுதப்பட்டிருந்தவர்களில் பலருக்கு மாதம் ஒன்றுகூட இல்லை. நாம் தொடக்கத்தில் பார்த்த அதே அலமாரிதான் அங்கேயும்.

வெளிநாட்டுக் கணக்கையே சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம். உலக நோய்ச்சுமை மதிப்பீட்டின்படி உலகின் ஆஸ்துமா நோயாளிகளில் சுமார் எட்டில் ஒருவர் இந்தியர். ஆஸ்துமா இறப்புகளில் நம் பங்கு நாற்பது விழுக்காட்டுக்கும் மேல். நம் ஆஸ்துமா கொடியது என்பதால் இந்த வித்தியாசம் இல்லை. தடுப்பு மருந்து எழுதப்படுவதே இங்கே குறைவு. எழுதப்பட்டதில் வாங்கப்படுவது குறைவு, வாங்கியதில் எடுக்கப்படுவது குறைவு.

தவறான பாடத்துக்கு அடுத்தபடி நிற்பது பயம். "இன்ஹேலர் பழகிடும், அப்புறம் விடவே முடியாது" என்பார்கள். "ஸ்டீராய்டாமே!" என்று முகம் சுளிப்பார்கள். பெண்ணுக்கு வரன் பார்க்கிற வீட்டில் இன்ஹேலர் பீரோவுக்குள் போய்விடும். மாத்திரையை யாருக்கும் தெரியாமல் விழுங்கலாம், இன்ஹேலரை ஒளித்து எடுக்க முடியாது. இந்தக் கடைசிக் கஷ்டத்துக்கு மருத்துவத்தில் பதில் இல்லை, நம் வீடுகள்தான் பதில் சொல்ல வேண்டும். மற்ற இரண்டையும் பார்க்கலாம்.

பழக்கமாகிவிடுமா? ஸ்டீராய்டு இன்ஹேலருக்கு மது, புகையிலை மாதிரி ஏங்க வைக்கும் குணம் கிடையாது. நிறுத்தினால் இளைப்பு திரும்பி வருகிறது என்றால், நோய் அங்கேயே இருந்தது என்றுதான் அர்த்தம். சொல்லப்போனால் மாதாமாதம் தேடி வாங்கப்படுவது நீலம்தான். அதைத்தான் யாரும் பழக்கம் என்று பயப்படுவதில்லை.

ஸ்டீராய்டு பயத்தில் நியாயம் இருக்கிறது, ஆனால் அளவைப் பார்க்க வேண்டும். ஆஸ்துமா முற்றி மருத்துவமனைக்குப் போனால் பெரியவர்களுக்கு நாளைக்கு 40 மில்லிகிராம் என்று ஐந்து நாளாவது ஸ்டீராய்டு மாத்திரை கொடுப்பார்கள். மொத்தம் 200 மில்லிகிராம். தடுப்பு இன்ஹேலரில் நாளொன்றுக்கு 400 மைக்ரோகிராம் என்று வைத்தால், அதே 200 மில்லிகிராம் வர 500 நாள் இழுக்க வேண்டும். இரண்டும் ஒரே மருந்து இல்லை, வீரியமும் வேறு, அதனால் எடைக்கு எடை வைத்துப் பார்ப்பது முழுச் சரியில்லை. ஆனால் இன்ஹேலர் மருந்து நேராகக் குழாயில் படுகிறது. வாய்வழியே வயிற்றுக்குப் போகிற புடசோனைடில் சுமார் 90 விழுக்காட்டைக் கல்லீரல் முதல் சுற்றிலேயே செயலிழக்கச் செய்துவிடுகிறது. மாத்திரை அப்படியில்லை, உடம்பு முழுக்கச் சுற்றும். ஸ்டீராய்டுக்குப் பயந்து இன்ஹேலரை விடுகிறவர், வருடத்துக்கு நாலு முறை முற்றிப்போய் மாத்திரையும் ஊசியுமாக அதைவிட எத்தனையோ பங்கு ஸ்டீராய்டை வாங்கிக்கொள்கிறார்.

பக்கவிளைவே கிடையாதா என்றால், உண்டு. வாயில் வெள்ளைப் படலம் வரலாம், குரல் கம்மலாம். எடுத்தபின் வாய் கொப்பளித்துத் துப்பினால் படலம் வருவது குறையும். குழந்தைகளின் உயரத்தைப் பற்றியும் கேட்பீர்கள். வட அமெரிக்காவில் 1,041 குழந்தைகளை வைத்து நடந்த ஆய்வில், நான்கைந்து ஆண்டு புடசோனைடு இழுத்தவர்கள் பெரியவர்களானபின் மற்றவர்களைவிடச் சராசரியாக 1.2 சென்டிமீட்டர் குட்டையாக இருந்தார்கள். அரை அங்குலத்துக்கும் குறைவு. இதை மறைக்காமல் சொல்லிவிடும் மருத்துவரைத்தான் நான் நம்புவேன். ஓர் அம்மா இதைக் கேட்டுக்கொண்டு, ராத்திரி இரண்டு மணி ஆட்டோவையும் எண்ணிப் பார்த்து முடிவெடுக்கட்டும். பிரிட்டனில் ராப் ஹார்ன் என்ற பேராசிரியர் சொல்லி வருவதும் இதைத்தான்: மருந்து எடுப்பவர்கள் மனதில் 'இது எனக்கு எவ்வளவு தேவை' என்பதும் 'இது எனக்கு என்ன செய்துவிடுமோ' என்பதும் எடை போடப்பட்டுக்கொண்டே இருக்கின்றன. இளைப்பில்லாத நாளில் தேவைத் தட்டு மேலே போய்விடும், பயத் தட்டு இறங்கும். இதில் அதட்டலுக்கு வேலையில்லை.

ஒரே நாளில் தீர்ந்துவிடும் மருந்தின் மேல் நமக்குள்ள ஆசையும் இதோடு சேர்ந்ததுதான். ஜூன் மாதம் ஹைதராபாத்தில் உயிருள்ள விரால் குஞ்சின் வாயில் மூலிகைப் பசையை வைத்து விழுங்கக் கொடுப்பார்கள், லட்சக்கணக்கில் கூட்டம் சேரும். அது பலிக்கும் என்பதற்கு அறிவியல் ஆதாரம் எதுவும் வரவில்லை. ஆனால் அங்கே போகிறவர்களைக் கவனியுங்கள். மூன்று வருடம் தொடர்ந்து வரச் சொன்னால் ரயிலேறி வருகிறார்கள், பத்தியம் இருக்கச் சொன்னால் இருக்கிறார்கள். சொன்னதை விடாமல் செய்கிற குணம் நம்மிடம் இல்லாமல் இல்லை.

மறதி, காசு, இழுக்கும் முறை ஆகிய மூன்றையும் சுருக்கமாகவே சொல்கிறேன். மறதிக்கு வழி இருக்கிறது. நியூசிலாந்தின் ஆக்லாந்தில் 6 முதல் 15 வயதுவரை 220 பிள்ளைகளிடம், வேளை வந்தால் கூப்பிடும் இன்ஹேலரைக் கொடுத்துப் பார்த்தார்கள். கூப்பிடும் இன்ஹேலர் இருந்தவர்கள் 84 விழுக்காடு எடுத்தார்கள், இல்லாதவர்கள் 30. நமக்கு அந்தக் கருவி வேண்டாம், பல் தேய்க்கும் பிரஷ் பக்கத்தில் வைத்தால் பாதி வேலை முடிந்தது, வாய் கொப்பளிக்கவும் வசதி. காசுக் கஷ்டம் நிஜம். மாதம் சில நூறு ரூபாய் ஆகிறது, கை நெருக்கடியில் இருக்கிறவர் இரண்டில் ஒன்றை வாங்கினால் உடனே பலன் தெரிகிற நீலத்தைத்தான் வாங்குவார். அதை மருத்துவரிடம் சொன்னால் விலை குறைந்த மாற்று எழுத முடியும். முறையைப் பொறுத்தவரை, அழுத்தும் இன்ஹேலரைச் சரியாக இழுத்தாலே பத்திலிருந்து இருபது விழுக்காடு மருந்துதான் நுரையீரலுக்குப் போகிறது. அழுத்துவதும் இழுப்பதும் ஒன்றாக வராவிட்டால் அதுவும் தொண்டையோடு நின்றுவிடும். ஸ்பேசர் என்ற பிளாஸ்டிக் குடுவை அந்தச் சிக்கலைத் தீர்க்கும். தென்னாப்பிரிக்காவின் கேப் டவுனில் அரை லிட்டர் தண்ணீர் பாட்டிலில் ஓட்டை போட்டு இன்ஹேலரைப் பொருத்தி, அது கடை ஸ்பேசருக்குச் சமமாக வேலை செய்கிறது என்று 1999இலேயே காட்டிவிட்டார்கள். கருவியில் போட்டு இழுக்க வேண்டிய ரோட்டாகேப் வாங்குகிறவர்களில் சிலர் அந்தக் கேப்ஸ்யூலைத் தண்ணீர் ஊற்றி விழுங்கிவிடுவதும் உண்டு. யாரும் செய்துகாட்டாவிட்டால் அவர்கள் வேறு என்ன செய்வார்கள்?

கடைசியாக ஒரு நல்ல செய்தி. மனித சுபாவத்தோடு முப்பது நாற்பது வருடம் மல்லுக்கட்டிய மருத்துவம், இப்போது கொஞ்சம் வளைந்து கொடுத்திருக்கிறது. மக்கள் இளைப்பு வந்தால்தான் இன்ஹேலரைத் தேடுகிறார்கள் என்றால், அந்த இன்ஹேலருக்குள்ளேயே தடுப்பு மருந்தையும் சேர்த்துவிட்டால் என்ன? புடசோனைடையும், நிமிடத்தில் வேலை செய்து பல மணி நேரம் தாங்கும் ஃபார்மோடெராலையும் ஒரே டப்பாவில் வைத்து, லேசான ஆஸ்துமாக்காரர்களைத் தேவைப்படும்போது மட்டும் இழுக்கச் சொன்னார்கள். 2018இல் முடிவு வெளியானது. அப்படி எடுத்தவர்களுக்கும், தினம் இருவேளை புடசோனைடு எழுதப்பட்டவர்களுக்கும் நோய் முற்றிய விகிதம் ஏறத்தாழ ஒன்றுதான். உடம்புக்குள் போன ஸ்டீராய்டோ சுமார் கால் பங்கு. 2019இல் ஆஸ்துமாவுக்கான உலக வழிகாட்டு அமைப்பான ஜினா, நீல இன்ஹேலரை மட்டும் தனியாக வைத்து ஆஸ்துமாவுக்கு வைத்தியம் செய்வதை இனிப் பரிந்துரைப்பதில்லை என்று அறிவித்தது. அன்றாட இளைப்பு உள்ளவர்களுக்குத் தினசரி மருந்து இன்னும் தேவைதான். எல்லாக் கூட்டு இன்ஹேலரையும் இப்படித் தேவைக்கு இழுக்கவும் கூடாது. எது உங்களுக்கு என்பதை மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

உங்கள் வீட்டில் இரண்டு இன்ஹேலர் இருந்தால் ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பாருங்கள். தடுப்பு இன்ஹேலரில் 120 இழுப்பு என்று எழுதியிருந்து, காலை இரண்டு இரவு இரண்டு என்று சீட்டில் இருந்தால் அது முப்பது நாளில் தீர வேண்டும். மூன்று மாதம் வந்தால் மூன்றில் ஒரு பங்குதான் எடுத்திருக்கிறீர்கள். நீலத்துக்கும் ஒரு கணக்கு உண்டு. சுவீடனில் மூன்றரை லட்சத்துக்கும் மேற்பட்டவர்களைப் பார்த்த ஆய்வொன்றில், வருடத்துக்கு மூன்றோ அதற்கு மேலோ நீல இன்ஹேலர் வாங்கியவர்களுக்கு நோய் முற்றும் அபாயமும் இறக்கும் அபாயமும் கூடியிருந்தன. உங்கள் நீலம் மாதம் ஒன்று தீர்கிறதென்றால் அந்த எல்லையை நீங்கள் மூன்று மாதத்திலேயே தொட்டுவிடுகிறீர்கள்.

அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கப் போகும்போது இரண்டு டப்பாவையும் பையில் போட்டுக்கொள்ளுங்கள். இரண்டையும் அவர் மேசைமேல் வையுங்கள், எது எப்போது வாங்கியது என்று சொல்லுங்கள், அவர் எதிரிலேயே ஒருமுறை இழுத்துக் காட்டுங்கள். "பாதி நாள் எடுக்கல சார்" என்று சொல்வதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. அது தெரியாமல் அவர் மருந்தைக் கூட்டவும் முடியாது, குறைக்கவும் முடியாது.